மீட்பரின் பெயர் தாங்கிய நாட்டில்

நம் மீட்பரின் திருப்பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்ட நாடு இவ்வுலகில் ஒன்றுதான் உண்டு. நடு அமெரிக்காவில் பசிபிக் மாகடலின் கரையில் அமைந்த எல் சால்வதோர் என்பதே அது. 'மீட்பர்' என்பது அச்சொல்லின் பொருள். தலைநகரின் பெயரோ சான் சால்வதோர். அதாவது 'தூய மீட்பர்'. ஆண்டவர் உருமாறிய திருவிழாவாகிய ஆகஸ்டு 6-ஆம் நாள் அந்நாட்டின் பெருவிழா. பரப்பில் மிகச் சிறியது. ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டை ஆறு கூறாக்கினால் ஒரு கூறுக்குச் சமம். எரிமலைகளின் அடிவாரத்தில் காப்பித் தோட்டங்கள். அவற்றின் கீழே கரும்புக் கொல்லைகள். அவற்றுக்கும் கீழே கடல்.

இயற்கை வளம் கொழிக்கும் இம்மண்ணில் நிலம் ஒரு சில குடும்பங்களின் கையிலும், உழைப்பு பல இலட்சம் ஏழைகளின் தோளிலும் இருந்தது. அந்த அநீதியிலிருந்து கிளம்பிய உள்நாட்டுப் போர் 1980 முதல் 1992 வரை பன்னிரண்டு ஆண்டுகள் எரிந்தது. மாண்டவர் 75,000 பேருக்கு மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டும் பாராத எளிய மக்கள். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாட்களில் இந்நாட்டைப் பற்றியும், அங்கே இரத்தம் சிந்திய ஒரு குருவைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தேன். அவர் உளவியல் பேராசிரியர். போரில் நசுங்கும் மக்களின் மனத்தை ஆராய்ந்தவர். ஆராய்ந்ததை அஞ்சாமல் சொன்னவர். சொன்னதற்காக உயிர் துறந்தவர். இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை இஞ்ஞாசியோ மார்த்தின்-பரோ என்பது அவர் பெயர். அவருடைய கல்லறையை ஒருமுறை காண வேண்டும் என்ற நெடுநாள் ஆவல், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்தில் இறையருளால் நிறைவேறியது. அங்கே கண்டவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பேராயரின் கல்லறை

சான் சால்வதோருக்குச் செல்லும் எந்தக் கத்தோலிக்கனும் முதலில் நாடுவது பேராலயத்தின் நிலவறையைத்தான். புனித ஆஸ்கர் ரொமேரோ அங்கே துயில்கிறார். 1980-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், புற்றுநோயாளர்க்கான மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கல்லறையின் மீது வெண்கலச் சிற்பம் ஒன்று உண்டு. நற்செய்தியாளர் நால்வரும் நான்கு மூலைகளில் நிற்க, ஆயர் நடுவில் உறங்குவதுபோல் அது அமைந்திருக்கிறது. நான் சென்ற காலைப் பொழுதில், தலையில் கூடை சுமந்து வந்த சந்தைக்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்த வெண்கலத்தில் கையை வைத்தபடி நெடுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வேளாங்கண்ணியில் நாம் காணும் காட்சிதான். வேற்றுமை ஒன்றே: இவள் முறையிட்ட புனிதரை இவளுடைய பெற்றோர் நேரில் கண்டிருப்பார்கள், அவருடைய மறையுரையை வானொலியில் கேட்டுமிருப்பார்கள்.

'குரலற்றோரின் குரல்' என்று மக்கள் அவரை அழைத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்தில் கொல்லப்பட்டவர், காணாமற் போனவர் ஆகியோரின் பெயர்களை அவர் பீடத்திலிருந்து வாசிப்பது வழக்கம். அக்குரல் அடக்கப்பட்ட பின்பு, அதே பணியை அறிவுத் துறையில் தொடர்ந்து செய்தவர்களுள் ஒருவரே நாம் காணச் சென்ற உளவியலார்.

ஒரு குரு உளவியலார் ஆன கதை

மார்த்தின்-பரோ 1942-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் வல்லதோலித் நகரில் பிறந்தவர். இளவயதிலேயே இயேசு சபையில் சேர்ந்து, நவதுறவியாக இருக்கும்போதே கடல் கடந்து எல் சால்வதோருக்கு அனுப்பப்பட்டார். அம்மண்ணையே தம் தாய் மண்ணாக்கிக் கொண்டார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பயின்று 1979-இல் முனைவர் பட்டம் பெற்றார். வசதியான நாடுகளில் பேராசிரியராக அமர்ந்து புகழோடு வாழ வழியிருந்தும், போர் மூளும் தறுவாயில் இருந்த அச்சிறு நாட்டுக்கே திரும்பி வந்தார். இயேசு சபையார் நடத்தும் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்; பின்னர் அதன் துணைத்தலைவருமானார்.

வார நாட்களில் பேராசிரியர். வார இறுதியில் பங்குக் குரு. தலைநகருக்கு மேற்கே, காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த மலைச் சிற்றூர் ஹயாக்கே. அங்கேதான் அவர் ஞாயிறு தோறும் திருப்பலி நிறைவேற்றினார். நானும் அவ்வூருக்குச் சென்றேன். பேருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகையில் இருபுறமும் காப்பிச் செடிகள் காய்த்துச் சிவந்திருந்தன. ஏர்க்காட்டு மலையோ கூர்க்கு நாடோ என்று ஐயுறத் தோன்றியது. சந்தையோரத்தில் ஒரு மூதாட்டி சோள மாவை அடையாகத் தட்டி, உள்ளே பயற்று மசியலும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கல்லில் சுட்டுக் கொடுத்தாள். 'பூபூசா' என்பது அதன் பெயர். நாடே உண்ணும் உணவு. அவளுக்கு என் மொழி தெரியாது. எனக்கும் அவள் மொழி அரைகுறைதான். ஆயினும் 'பாத்ரே நாச்சோ' என்று நான் சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் மலர்ந்தது. உடனே கண் கலங்கியது. இஞ்ஞாசியோ என்ற பெயரின் செல்லச் சுருக்கம் அது. நம் ஊரில் இஞ்ஞாசிமுத்துவை 'இஞ்ஞாசி' என்று அழைப்பது போல. உலகப் பல்கலைக்கழகங்கள் அறிந்த அறிஞர் அவளுக்கு வெறும் நாச்சோ சாமிதான்.

அவருடைய ஆராய்ச்சிக்கு இந்த ஏழைப் பங்கு எத்துணை முக்கியமானது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கிற்று. போரின் துயரத்தை அவர் நூலகத்தில் மட்டும் படித்துக் கற்கவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும், சாவு வீட்டிலும், அகதிகள் தங்கிய கொட்டகையிலும் கேட்டறிந்தார்.

அவர் சொன்னது என்ன?

போரின் அழிவை நாம் பொதுவாக எப்படிக் கணக்கிடுகிறோம்? இத்தனை பேர் மாண்டனர், இத்தனை வீடுகள் எரிந்தன, இத்தனை பாலங்கள் தகர்ந்தன என்று எண்ணிக்கை சொல்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அழிவு ஒன்று உண்டு என்றார் மார்த்தின்-பரோ. 1984-ஆம் ஆண்டு 'போரும் மனநலமும்' என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரையும், 1988-இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையும் அதனைத் தெளிவாக்குகின்றன. போர் மூன்று வகையில் மக்களின் உள்ளத்தைச் சிதைக்கிறது என்பது அவருடைய முடிவு.

முதலாவது, வன்முறையே வழக்கமாகிவிடுதல். அறிவும் நீதியும் தீர்க்க வேண்டியவற்றைத் துப்பாக்கி தீர்க்கத் தொடங்குகிறது. இரண்டாவது, சமூகம் இரண்டாகப் பிளத்தல். 'நாம்', 'அவர்கள்' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு சொல் இல்லாமற் போகிறது. ஒரே தெருவில் ஒருவருக்கொருவர் குழம்பு கொடுத்து வாங்கிய குடும்பங்கள் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்குகின்றன. மூன்றாவது, பொய்யே ஆட்சி செய்தல். நடந்தது நடக்கவில்லை என்று அதிகாரம் சாதிக்கிறது. கண்டவர் வாய் திறக்க அஞ்சுகிறார். வாய் திறந்தவரைப் பைத்தியக்காரர் அல்லது பகைவர் என்கிறார்கள். நாளடைவில் மக்கள் தாம் கண்ணால் கண்டதையே நம்பத் தயங்கும் நிலை உண்டாகிறது.

சலாத்தெனாங்கோ என்ற வடபகுதியில் குண்டுவீச்சுக்கு அஞ்சி நிலத்தடிக் குழிகளில் ஒளிந்து வாழ்ந்த குடியானவர்களை அவர் குறிப்பிடுகிறார். படை வருகிறது என்று கேட்ட அளவிலேயே, ஒரு குண்டும் வெடிக்காத போதும், அவர்களின் உடல் கட்டுக்கடங்காமல் நடுங்கும், தசைகள் தளரும். இவர்களை நோயாளிகள் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினால் போதுமா? போதாது என்றார் அவர். இது நலமான உள்ளம் நலங்கெட்ட உலகுக்குக் காட்டும் எதிர்வினை. காயம் அம்மனிதனின் தலைக்குள் மட்டும் இல்லை. அவனுக்கும் அயலானுக்கும், குடிமகனுக்கும் அரசுக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது. ஆகையால் அவர் அதற்குச் 'சமூக உளக்காயம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். உறவு சீர்ப்படாமல், உண்மை வெளிவராமல், நீதி கிடைக்காமல் அக்காயம் ஆறாது.

குழந்தைகளைப் பற்றி அவர் கொண்ட கவலை தனியாகச் சொல்லத் தக்கது. போருக்குள்ளேயே பிறந்து வளரும் பிள்ளைக்கு வன்முறையும் ஐயமும் பொய்யும் இயல்பான வாழ்க்கையாகவே தோன்றும். போர் முடிந்த பின்னும் அது அவற்றையே சுமந்து திரியும் என்று எச்சரித்தார். அதே வேளையில் அவர் மக்கள்மீது நம்பிக்கை இழந்தவரல்லர். துன்பத்தின் நடுவிலும் கடைசி ரொட்டியைப் பங்கிட்டுக்கொண்ட ஏழைகளையும், அனாதைகளை அள்ளிக்கொண்ட விதவைகளையும் அவர் கண்டிருந்தார். நெருக்கடி மனிதரின் கீழ்மையை மட்டுமன்றி மேன்மையையும் வெளிக்கொணர்கிறது என்பதும் அவர் எழுதியதே.

பொய்க்கு மருந்தாக அவர் கண்ட வழி மிக எளியது. 1986-ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் கருத்தாய்வு நிலையம் ஒன்றை நிறுவினார். மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் கேட்டு எழுதினர். போரைத் தொடர்வதைவிடப் பேச்சுவார்த்தையால் முடிப்பதையே மக்கள் விரும்பினர் என்பது அவ்வாய்வுகளில் தெரிய வந்தது. மக்கள் நம் பக்கம் என்று இரு தரப்பாரும் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில், மக்களின் முகத்தை மக்களுக்கே காட்டும் கண்ணாடியாக அது அமைந்தது. கண்ணாடியைக் கண்டு சினந்தவர்கள் அதை உடைக்கத் துணிந்ததில் வியப்பில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் குண்டுகள் வெடித்தது ஒருமுறையன்று, பலமுறை.

எல் மொசோத்தே

அவர் சொன்ன அந்த மூன்றாவது தீமை, பொய்யின் ஆட்சி, எத்துணைக் கொடியது என்பதை அறிய வேண்டுமானால் எல் மொசோத்தே செல்ல வேண்டும். தலைநகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சான் மிகேல் நகரைக் கடந்து வடக்கே திரும்பினால் மொராசான் மலைநாடு. வழியில் செகுந்தோ மோந்தெஸ் என்ற குடியிருப்பைக் கண்டேன். அண்டை நாடான ஒண்டூராசில் அகதிகளாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து திரும்பிய மக்கள், தங்கள் அவலத்தை ஆராய்ந்து உலகுக்கு உரைத்த இயேசு சபைக் குருவின் பெயரையே தங்கள் ஊருக்கு இட்டிருக்கிறார்கள். அவரும் மார்த்தின்-பரோவோடு ஒரே இரவில் கொல்லப்பட்டவர்.

எல் மொசோத்தே ஒரு சிற்றூர். ஒரு கோயில், ஒரு சதுக்கம், சுற்றிலும் சில வீடுகள். 1981-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் அத்லாகாத்ல் என்ற படைப்பிரிவு அங்கே வந்தது. அண்டைச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் பாதுகாப்பை நாடி அங்கே கூடியிருந்தனர். டிசம்பர் 11-ஆம் நாள் ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்துக் கொன்றார்கள். அவ்வூரிலும் சுற்றுப்புறங்களிலும் சில நாட்களில் மாண்டவர் ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்களுள் பாதிக்கு மேல் குழந்தைகள்.

ருஃபினா அமாயா என்ற பெண் ஒரு மரத்தின் மறைவில் ஒளிந்து உயிர் தப்பினார். கணவனையும் நான்கு மக்களையும் இழந்தவர். தம் பிள்ளைகள் தம்மை அழைத்துக் கதறிய குரலை அவ்விடத்திலிருந்து கேட்டவர். 1982-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்கள் இரண்டு அவருடைய சாட்சியத்தை வெளியிட்டன. எல் சால்வதோர் அரசு மறுத்தது. அப்படைக்குப் பயிற்சியும் படைக்கலமும் அளித்த அமெரிக்க அரசின் அதிகாரிகளும் அப்படியொரு படுகொலைக்குச் சான்று இல்லை என்றார்கள். ஆயிரம் பேர் மாண்டதும் ஒரு தாயின் கற்பனை என்றே ஆயிற்று. பத்து ஆண்டுகள் கழிந்து 1992-இல் தடயவியல் அறிஞர்கள் கோயிலை ஒட்டிய சிறு கட்டடத்தைத் தோண்டினார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் 131 பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை.

இன்று அவ்விடத்தில் குழந்தைகளின் நினைவாக ஒரு பூந்தோட்டம் இருக்கிறது. சதுக்கத்தில், தந்தையும் தாயும் இரு பிள்ளைகளும் கைகோத்து நிற்கும் நிழலுருவை இரும்பில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் பின்னே மாண்டவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. நான் சென்றபோது அவ்வூர்ப் பெண்ணொருத்தி வழிகாட்டினாள். பெயர்களை அவள் விரைந்து படிக்கவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்தி, நம் கோயில்களில் புனிதர்களின் மன்றாட்டுமாலை சொல்வதுபோல் சொன்னாள். 2007-இல் இறைவனடி சேர்ந்த ருஃபினாவும் அவ்வூர் மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

அப்பெண்ணின் மனக்காயத்துக்கு மருந்து யாது? பத்து ஆண்டுகள் அவரைப் பொய்யர் என்ற உலகம் ஒருநாள் மண்ணைத் தோண்டி, 'அம்மா, நீ சொன்னது உண்மை' என்று ஒப்புக்கொண்டதே, அதனினும் பெரிய மருந்து வேறு உண்டோ? உளவியலார் நூல்களில் எழுதியதை நான் அந்தத் தோட்டத்தில் நின்று கற்றேன்.

நவம்பர் 16

1989-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் கெரில்லாப் படைகள் தலைநகரின் மீது பெருந்தாக்குதல் தொடுத்தன. வானொலியில் இயேசு சபைக் குருக்களுக்கு எதிராக வெறிப் பேச்சுகள் ஒலித்தன. பேச்சுவார்த்தை வேண்டும் என்று சொன்னவர்களே பகைவரின் மூளை என்று பழி சுமத்தப்பட்டது. 16-ஆம் நாள் விடியுமுன் அத்லாகாத்ல் படையினர் குருக்களின் இல்லத்துக்குள் புகுந்தனர். பல்கலைக்கழகத் தலைவர் இஞ்ஞாசியோ எல்லாகுரியா, இஞ்ஞாசியோ மார்த்தின்-பரோ, செகுந்தோ மோந்தெஸ், அமாந்தோ லோபெஸ், ஹுவான் ரமோன் மொரேனோ, ஹோவாக்கின் லோபெஸ் இ லோபெஸ் ஆகிய ஆறு குருக்களும் கொல்லப்பட்டனர். சாட்சி எதுவும் எஞ்சக்கூடாது என்பது கட்டளை. ஆகவே அவ்விரவில் அங்கே தங்கியிருந்த சமையற்காரப் பெண் எல்பா ராமோசும், அவருடைய இளவயது மகள் செலீனாவும் சுடப்பட்டார்கள். தங்கள் வீட்டருகே சண்டை நடந்தபடியால் குருக்களின் இல்லமே பாதுகாப்பானது என்று வந்து படுத்தவர்கள் அவர்கள். தாய் தன் உடலால் மகளை மறைத்தபடியே இறந்து கிடந்தாள்.

கொன்றவர்கள் புறப்படுமுன் அட்டையொன்றில் எழுதி வைத்துவிட்டுச் சென்றார்கள்: இக்கொலையைச் செய்தவர்கள் கெரில்லாக்கள் என்று! பொய் எவ்வாறு ஆட்சி செய்கிறது என்று எழுதிய கையின் அருகிலேயே அந்தப் பொய்யும் கிடந்தது. மார்த்தின்-பரோவுக்கு அப்போது வயது 47.

அவ்வில்லத்தின் புல்வெளி இன்று ரோஜாத் தோட்டம். அதை நட்டவர் எல்பாவின் கணவரும் செலீனாவின் தந்தையுமான ஒபுதூலியோ, பல்கலைக்கழகத் தோட்டக்காரர். மனைவியும் மகளும் மாண்ட இடத்தில் அவர் மண்ணைக் கிளறிப் பூச்செடி வைத்தார். கற்றறிந்த ஆறு குருக்களின் எல்லா நூல்களுக்கும் சமமான மறையுரை அத்தோட்டம் என்று எனக்குத் தோன்றியது. அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அவர்களுடைய இரத்தக் கறை படிந்த ஆடைகள் இருக்கின்றன. கல்லறை உள்ள சிற்றாலயத்தின் பின்சுவரில் சிலுவைப்பாதை நிலைகளுக்குப் பதிலாக, வதைக்கப்பட்டு இறந்த மக்களின் கரிக்கோட்டு ஓவியங்கள். பீடத்தில் நின்று மக்களை நோக்கும் குருவின் கண்ணில் அவ்வோவியங்கள் தப்பாமல் படும். அங்கே திருப்பலி நிறைவேற்றிய நானும் 'இது என் உடல்' என்று சொன்ன வேளையில் அவற்றைக் கண்டேன்.

ஆண்டுதோறும் நவம்பர் 15-ஆம் நாள் மாலை மாணவர்களும் பங்கு மக்களும் கூடி, வளாகத்துச் சாலைகளில் வண்ண உப்பால் பெருங்கோலங்கள் இடுகிறார்கள். மார்கழியில் நம் தெருக்களைக் கண்டவர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. மறைசாட்சிகளின் முகங்கள், சோளக் கதிர்கள், புறாக்கள் எனப் பல வடிவங்கள். பிறகு இருள் சூழ, கையில் அகல்விளக்குப் போன்ற சிறு விளக்குகளை ஏந்தி ஊர்வலம். இரவு முழுவதும் விழிப்பு. போரைக் காணாத இளைஞர் கூட்டத்தின் நடுவே வெள்ளைத் தலைகளும் இருந்தன.

உண்மையின் நெடும் பயணம்

1992-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் சமாதான உடன்படிக்கை கையொப்பமாயிற்று. 1993-இல் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. 22,000 முறையீடுகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு அரசுப் படையினர் மீதும் அவர்களைச் சார்ந்தோர் மீதும், ஏறத்தாழ 5 விழுக்காடு கெரில்லாக்கள் மீதும் கூறப்பட்டவை. அறிக்கை வெளிவந்த சில நாட்களிலேயே பொது மன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. குருக்களின் கொலைக்காகச் சிறையிலிருந்த அதிகாரிகள் இருவரும் வெளியே வந்தனர். அச்சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது 2016-இல்தான். குருக்களின் கொலைக்காக முன்னாள் படைத்தலைவர் இனோசெந்தே மொந்தானோவுக்கு ஸ்பெயின் நாட்டு நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு 133 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து நடந்து நீதி அவ்வளவு தொலைவேனும் வந்து சேர்ந்தது.

நகரின் குஸ்கத்லான் பூங்காவில் 2003-இல் எழுப்பப்பட்ட கருங்கல் மதில் ஒன்றில் மாண்டவர், காணாமற் போனவர் ஆகிய 25,000-க்கும் மேற்பட்ட குடிமக்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறையே இல்லாதவர்களுக்கு அதுவே கல்லறை. அன்னையர் வந்து மகனின் பெயரை விரலால் தடவிப் பார்க்கிறார்கள்; பூச்செருகிச் செல்கிறார்கள். போரில் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்க, அருட்தந்தை ஹோன் கொர்த்தீனா என்ற இயேசு சபைக் குரு 1994-இல் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கானோரின் இருப்பிடம் அதன் வழியே தெரிய வந்தது. தாயும் பிள்ளையும் பல்லாண்டு கழித்துச் சந்திக்கும்போது அவர்கள் அருகில் துணையாக இருப்பவர்களுள் உளவியலாரும் உண்டு. மார்த்தின்-பரோவின் கல்வி வீண்போகவில்லை.

இதற்கு மாறான வரலாறும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 2001-க்குப் பின் அமெரிக்காவில் கைதிகளைக் கொடிய முறையில் விசாரிப்பதற்கு உளவியலார் சிலர் தம் அறிவை விற்றார்கள். அந்நாட்டு உளவியல் சங்கத்தின் பொறுப்பாளர்கள் சிலர் பாதுகாப்புத் துறையோடு இணங்கிப் போனதை 2015-இல் ஒரு தனி விசாரணை வெளிப்படுத்தியது. அதே ஆண்டு அச்சங்கம் அத்தகைய விசாரணைகளில் தன் உறுப்பினர் பங்கேற்பதைத் தடை செய்தது. ஒரே கல்விதான், ஒருவர் கையில் அது காயத்துக்குக் கட்டு, மற்றொருவர் கையில் கத்தி.

நமக்கு என்ன?

அன்புள்ள குடும்பத்தாரே, தொலைதூர நாட்டின் இக்கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். துன்புற்றவர் நம் வீட்டு வாசலுக்கு வரும்போது நம் நாவில் எளிதாக வரும் சொல் 'எல்லாம் கடவுள் சித்தம்' என்பது. அச்சொல் நம்பிக்கையிலிருந்து பிறக்கும்போது புனிதமானது. யோபுவின் வாயில் அது செபமாயிற்று. ஆனால் அழுகிறவரின் வாயை மூட அதையே பயன்படுத்தினால், மனிதர் செய்த கொடுமையைக் கடவுளின் கணக்கில் எழுதுகிறோம். ஏழைகளின் 'தலைவிதி' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று ஆராய்ந்து மார்த்தின்-பரோ எழுதியதும் இதையே. யோபுவின் நண்பர்கள் செய்தவற்றுள் சிறந்தது அவர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் அவரருகில் தரையில் உட்கார்ந்திருந்ததே. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் ஆண்டவரின் சினத்துக்கு ஆளானார்கள்.

ஆகையால் முதலில் கேட்போம். மதுவால் அடிபடும் மனைவியின் முறையீடாயினும், கலவரத்தில் ஓடிவந்த குடும்பத்தின் கதையாயினும், பள்ளியில் அஞ்சி நடுங்கும் குழந்தையின் சொல்லாயினும், முழுவதும் கேட்போம். கேட்டதை நம்புவோம். உண்மை என்று தெரிந்தால், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். கண்டவர் சொல்ல, கேட்டவர் நம்ப, சொன்னவருக்குத் துணையாக ஊர் நிற்க, அப்போதுதான் காயம் ஆறத் தொடங்கும்.

இத்திங்களில் குடும்பச் செபமாலை சொல்லும்போது, வியாகுல மறையுண்மைகளுள் ஒன்றைப் போரில் சிக்கிய பொதுமக்களுக்காக ஒப்புக்கொடுங்கள். எல்பா, செலீனா என்ற அந்தத் தாயையும் மகளையும் பெயர் சொல்லி நினையுங்கள். அவர்கள் நூல் எழுதியவர்களல்லர். வரலாற்றில் இடம் கேட்டவர்களல்லர். ஒரு இரவு பாதுகாப்பாக உறங்க இடம் தேடியவர்கள். இன்றும் உலகில் எத்தனையோ தாய்மாரும் பிள்ளைகளும் அதே இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.